தண்ணீர் கொடுப்பது தொழிலா?

மல்லேஸ்வரத்தில் குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் வருகிறது. அதைத் தருவது பெங்களூர்க் குடிநீர் வாரியம்.

முன்பு இந்த வாரியம் தன் ஊழியர்கள் சிலருக்கு அபராதம் போட்டது. பணத்தையும் பிடித்துக்கொண்டது. "முறையாக விசாரிக்காமல் தண்டித்துவிட்டார்கள்" என்று அவர்கள் தொழிலாளர் நீதிமன்றம் போனார்கள்.

வாரியம் என்ன சொன்னது தெரியுமா? "நாங்கள் செய்வது அரசின் வேலை. அது தொழில் அல்ல. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்றது. சட்டம் பொருந்தாவிட்டால் அந்த நீதிமன்றம் வழக்கையே கேட்க முடியாது. பாருங்கள், எல்லாம் ஒரே சொல்லில் வந்து நின்றது!

சட்டத்தில் 'தொழில்' என்பதற்கு விளக்கம் இருந்தது. ஆனால் அது தெளிவாக இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 7 நீதிபதிகள் விசாரித்தார்கள். 1978-இல் தீர்ப்பு வந்தது.

லாபம் முக்கியம் இல்லை என்றது தீர்ப்பு. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து, ஒழுங்காக வேலை நடக்கிறதா? மக்களுக்குத் தேவையான பொருளோ சேவையோ அதனால் கிடைக்கிறதா? அப்படியானால் அது தொழில்தான்.

வாரியம் தோற்றது. மருத்துவமனை ஊழியர்களுக்கும் இத்தீர்ப்பு உதவியது.

2020-இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. அதில் 'தொழில்' என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் எழுதினார்கள். தர்ம நிறுவனங்களை விலக்கினார்கள்.