குண்டுவீச்சில் இடிந்த 2 தேவாலயங்கள்: காயத்தை ஏன் மறைக்கவில்லை?

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்றால் முதலில் என்ன செய்வோம்? விரிசலைப் பூசுவோம். கறை தெரியாமல் பெயின்ட் அடிப்போம். இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலும் ஜெர்மனியின் ட்ரெஸ்டனிலும் உள்ள இரண்டு தேவாலயங்கள் இதற்கு நேர் எதிர். இரண்டும் இரண்டாம் உலகப் போரில் அழிந்தவை, இரண்டும் மீண்டும் எழுந்தவை. ஆனால் பட்ட அடியை இரண்டுமே மறைக்கவில்லை. ஏன்?

கோவென்ட்ரியில் என்ன நடந்தது?

1940 நவம்பர் 14 இரவு. ஜெர்மன் விமானங்கள் விடிய விடிய குண்டு வீசின. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல நூற்றாண்டுப் பழமையான புனித மிக்கேல் பேராலயத்தில் மிஞ்சியது கோபுரமும் வெளிச்சுவர்களும்தான்.

திரும்பக் கட்டுவது என்று மறுநாளே முடிவானது. கருகிய இரண்டு கூரை உத்தரங்கள் சிலுவை மாதிரி விழுந்து கிடந்ததைப் பார்த்த கொத்தனார் ஒருவர், அவற்றைக் கட்டி அப்படியே நிறுத்தினார். கூரையிலிருந்து விழுந்த மூன்று பழைய ஆணிகளை வைத்து இன்னொரு சிலுவை உருவானது.

'இவர்களை' எங்கே போச்சு?

பேராலயத்தின் தலைமை குரு ரிச்சர்ட் ஹோவர்ட், பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார்: 'பிதாவே, மன்னியும்'.

இங்கே ஒரு சொல் குறைகிறது. சிலுவையில் தொங்கிய இயேசு, தன்னைக் கொல்பவர்களுக்காக 'இவர்களை' மன்னிக்கும்படி வேண்டினார் என்கிறது லூக்கா நற்செய்தி. ஹோவர்ட் அந்த 'இவர்களை' எடுத்துவிட்டார். குண்டு போட்டவனுக்கு மட்டும் இல்லை, நமக்கும் மன்னிப்பு தேவை என்பதுதான் அர்த்தம். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, இடிபாடுகளில் இருந்து ஒலிபரப்பான பிபிசி நிகழ்ச்சியில், பழிவாங்கும் எண்ணத்தை விரட்ட முயல்வதாகவும் பேசினார். ஊரே துக்கத்தில் இருந்த நேரத்தில் சொல்வதற்கு லேசான வார்த்தை இல்லை இது.

பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்தில்

புதிய பேராலயத்துக்கான போட்டியில் 200-க்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. 1951-ல் வென்றவர் கட்டடக் கலைஞர் பேசில் ஸ்பென்ஸ். அவருடைய ஐடியா சிம்பிள்: இடிபாட்டைத் தொடாதே, அதை ஒட்டியே புதியதைக் கட்டு. இரண்டுக்கும் நடுவே பிரமாண்டமான கண்ணாடித் திரை. உள்ளே நின்று திரும்பிப் பார்த்தால் கூரையில்லாத பழைய சுவர்கள் தெரியும்.

எதிர்ப்பும் இருந்தது. 'ஜனங்களுக்கு வீடே இல்லை, இப்போ கோயில் அவசரமா?' என்ற கேள்வி எழுந்தது. வேலையைத் தள்ளிப்போடச் சொல்லி நகர மன்றமே அரசிடம் போனது. அரசு அனுமதி கொடுத்துவிட்டது. 1962 மே 25-ல் புதிய பேராலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

ட்ரெஸ்டன் கதை என்ன?

1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கி பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ட்ரெஸ்டனைத் தாக்கின. சுமார் 25,000 பேர் இறந்ததாக வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 18-ம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஃப்ராவன்கிர்ஷ என்ற லூத்தரன் தேவாலயம், தீயின் சூட்டில் இரண்டு நாள் கழித்து நொறுங்கி விழுந்தது.

1965-ல் கோவென்ட்ரியிலிருந்து இளைஞர்கள் ட்ரெஸ்டனுக்குப் போய், குண்டுவீச்சில் சிதைந்த ஒரு மருத்துவமனையை எடுத்துக்கட்ட உதவினார்கள். ஆனால் தேவாலயம் 40 ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்குவியலாகவே கிடந்தது. அதுவே போருக்கு எதிரான சாட்சி, கை வைக்காதீர்கள் என்றவர்களும் உண்டு. ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு, 1994-ல் கட்டுமானம் தொடங்கியது. குவியலில் இருந்து எடுத்த கற்களை அளந்து, எண் போட்டு, முடிந்தவரை அதனதன் பழைய இடத்திலேயே வைத்தார்கள். 2005 அக்டோபர் 30-ல் தேவாலயம் திறக்கப்பட்டது.

உச்சியில் இருக்கும் தங்க நிறச் சிலுவை பிரிட்டன் மக்களின் நன்கொடை. அதைச் செய்த லண்டன் கைவினைஞரின் அப்பா, அன்று ட்ரெஸ்டன் மீது குண்டு வீசிய விமானிகளில் ஒருவர்.

இதற்கும் விசுவாசத்துக்கும் என்ன தொடர்பு?

பதில் ஈஸ்டர் கதையிலேயே இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவை சீடர் தோமா நம்பவில்லை. ஆம், சென்னை பரங்கிமலையோடு சேர்த்துப் பேசப்படும் அதே தோமாதான். யோவான் நற்செய்தியின்படி, அவருக்கு இயேசு காட்டியது ஆணித் தழும்புகளை. மரணத்தை வென்ற உடலிலும் தழும்பு மறையவில்லை.

கிறிஸ்தவ நம்பிக்கையில் 'புதிதாக்குதல்' என்பது நடந்ததை அழித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருப்பது அல்ல. காயம் இருக்கும், ஆனால் அது இனி பகையை வளர்க்காது. கோவென்ட்ரி பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டது. ட்ரெஸ்டன் பழையதைப் புதியதற்குள் வைத்துக் கட்டியது. வழி வேறு, சொல்வது ஒன்றுதான்.

இப்போது ட்ரெஸ்டனில் கருப்பாகத் தெரிபவை பழைய கற்கள், வெளிர் நிறத்தில் இருப்பவை புதியவை. அது இரும்புச்சத்துள்ள மணற்கல் என்பதால், காலப்போக்கில் புதிய கற்களும் கருத்துவிடும். எது பழசு, எது புதுசு என்று கண்ணால் பிரிக்க முடியாத நாள் வரும். அன்றைக்கும் கதை தெரியும். கோபுரத்திலிருந்து விழுந்து நெளிந்துபோன பழைய சிலுவையை நிமிர்த்தாமல், தேவாலயத்துக்கு உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.