வயதுபோன ரயர்

ஓகஸ்ட் பிறந்துவிட்டால் லாச்சப்பல் கடைத்தெருவில் இரண்டே கதைதான். ஒன்று மாணிக்கப் பிள்ளையாரின் தேர், மற்றது லூர்து மாதா. சைவமோ வேதமோ என்று பாராமல் எங்கள் சனம் லூர்துக்குப் போகும். பாரிசிலிருந்து 800 கிலோமீற்றருக்கு மேல். ரயிலுக்கும் தங்குமிடத்துக்கும் குடும்பமாகக் கணக்குப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

அதனால்தான் நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து சீட்டுப் பணத்தில் ஒரு பழைய கம்பிங் கார் வாங்கினோம். எங்களில் ஒருவர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். ஒருவர் றூ காய் வீதிக் கடையில் நிற்கிறார். மற்றவர் தொழிற்சாலை. வண்டியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விற்றவர் ரயரில் விரலை வைத்துக் காட்டி, "பாருங்கள், புதுசு போல இருக்கிறது" என்றார். தவாளிப்பு ஆழமாகத்தான் இருந்தது. நம்பினோம்.

2023 ஓகஸ்டில் லூர்திலிருந்து திரும்பும்போது, ஏ10 நெடுஞ்சாலையில் நியோர் தாண்டியதும் பின் ரயர் ஒன்று வெடித்தது. வெடி என்றால் உண்மையிலேயே வெடிதான். பெரியவர்களுக்கு ஊர் ஞாபகம் வந்து குனிந்துவிட்டார்கள். வண்டி இரண்டு பக்கமும் ஆடி, ஓட்டியவர் பிறேக்கைத் திடீரென்று மிதிக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் கரையில் போய் நின்றது. பிள்ளைகளை மஞ்சள் அங்கியோடு தடுப்புக் கம்பிக்கு அப்பால் இருத்திவிட்டு, செம்மஞ்சள் நிறத் தொலைபேசித் தூணைத் தேடி நடந்தோம். (நெடுஞ்சாலையில் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு வண்டியை இழுக்க முடியாது. அனுமதி பெற்ற இழுவை வண்டிதான் வரவேண்டும். தூண் இல்லாவிட்டால் 112.)

வந்த மனிதர் கிழிந்த ரயரைப் புரட்டி, பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கங்களை விரலால் தொட்டுக் காட்டினார். 2612. அதாவது 2012ஆம் ஆண்டின் 26ஆவது கிழமையில் செய்யப்பட்டது. பதினொரு வயது! கீழே தொங்கிய ஸ்பெயார் சில்லும் அதே வயதுதான். வேறு வழியில்லாமல் அதைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பின்னால் வந்த காருக்கும் ரயிலுக்குமாகப் பிரித்து அனுப்பிவிட்டு, 80இல் ஊர்ந்து பாரிஸ் வந்து சேர்ந்தோம்.

இதில் எங்கள் பிழையும் இருக்கிறது. ஊரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களையும் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட சைக்கிள் ரயர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நூல் தெரியும்வரை ரயர் நல்ல ரயர்தான். ஆனால் கம்பிங் காரின் ரயர் தேய்ந்து சாவதில்லை. வருடத்தில் பதினொரு மாதம் வெயிலிலும் குளிரிலும் நின்ற இடத்திலேயே நின்று, முழுப்பாரத்தையும் சுமந்தபடி முதுமை அடைகிறது. சாமான் ஏற்றும் வானென்றால் பின்னேரத்தில் சுமையை இறக்கிவிடும். இதிலே கட்டில், குசினி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் எந்நாளும் ஏறியபடி. வீடு இறங்குவதேயில்லை. இறப்பர் காய்ந்து பக்கச் சுவரில் மயிர்போல வெடிப்பு விழும். தவாளிப்பு மட்டும் புதுசு போல இருக்கும். சட்டம் கேட்பது குறைந்தது 1.6 மில்லிமீற்றர் ஆழம். எங்களுடைய ரயர் அந்தச் சோதனையில் நன்றாகவே தேறியிருக்கும்.

புது ரயர் எடுப்பதென்று முடிவானதும் தேநீர்க் கடையில் பெரிய வாக்குவாதம். ஓர் அண்ணை, "எனக்குத் தெரிந்த இடத்தில் ஒக்காசியோன் ரயர் ஒன்று 40 யூரோ, அளவு அச்சொட்டாக அதே 215/70 ஆர் 15" என்றார். அளவு சரிதான். ரயர் பூட்டும் கராஜில் வேலை செய்யும் தம்பி ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தார். "அண்ணை, அளவுக்குப் பிறகு என்ன நம்பர் இருக்கு எண்டு கேட்டனீங்களோ?" என்றார். கேட்கவில்லை. ரெலிபோன் எடுத்துக் கேட்டால் 98 என்று பதில் வந்தது.

அந்த நம்பர்தான் சுமைக் குறியீடு. 98 என்றால் ஒரு ரயர் 750 கிலோ தாங்கும். எங்கள் வண்டிக்கு வேண்டியது 109, அதாவது 1030 கிலோ. பின் அச்சில் இரண்டு ரயர்: அங்கே 1500, இங்கே 2060. அந்த அச்சுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த பாரமே 2000 கிலோ. மலிவு ரயரைப் பூட்டியிருந்தால் பெட்டி படுக்கை ஏற்ற முன்னமே தோற்றுப்போயிருப்போம். கொன்றோல் தெக்னிக்கிலும் விடமாட்டார்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

தம்பி சொன்ன இன்னொரு விஷயம் சி, சி பி என்ற எழுத்துகள். அளவின் முடிவில் சி இருந்தால் அது சாமான் வானுக்குரிய ரயர். சி பி இருந்தால் கம்பிங் காருக்கென்றே உடம்பு பலப்படுத்திச் செய்தது, கூடிய காற்றழுத்தம் தாங்கும். மிஷ்லின், கொன்ரினென்ரல் போன்ற கம்பனிகள் செய்கின்றன. எங்களுக்கு ஒன்று 160 யூரோவுக்குச் சற்று மேலே வந்தது. நாலுக்கும் சேர்த்துப் பார்த்தபோது வீட்டிலே அக்காமார் முகம் சுருங்கியது உண்மைதான். நியோரில் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் இருந்தவர்களும் அவர்கள்தான் என்பதால் மறுப்பு வரவில்லை.

வாங்கப் போகும் வாசகர்கள் கடையிலேயே நான்கு இலக்கத்தையும் வாசியுங்கள். புது ரயர் என்று விற்கப்படுவதும் சிலவேளை களஞ்சியத்தில் வருடக்கணக்காகக் கிடந்ததாக இருக்கும். ஐந்து வயதுக்குப் பின் ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டவேண்டும், பத்து வயதில் தவாளிப்பு எப்படி இருந்தாலும் கழற்றவேண்டும் என்பது மிஷ்லின் கம்பனியே சொல்லும் கணக்கு. ஒரே அச்சில் இரண்டும் ஒரே வகையாக இருக்கவேண்டும். வால்வையும் மறக்காதீர்கள். சாதாரண இறப்பர் வால்வு 4.5 பாருக்கு மேல் ஏற்றதல்ல. எங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட அழுத்தம் முன்னுக்கு 5, பின்னுக்கு 5.5 பார். ஆகவே உலோக வால்வு போட்டோம். காற்றை ஓட முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும்.

நத்தாருக்கு அல்ப்ஸ் மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வரி. 2021 முதல் நவம்பர் 1இலிருந்து மார்ச் 31 வரை மலைப் பகுதிகளில் பனிக்கால ரயர் அல்லது சங்கிலி கட்டாயம். 2024 நவம்பரிலிருந்து மூன்று சிகர மலையும் பனித்திவலையும் பொறித்த ரயர்தான் செல்லும்.

கராஜில் காத்திருந்தபோது தம்பி, "இறப்பர் மரம் எங்கட நாட்டுச் சாமான் தானே அண்ணை?" என்றார். முழுக்கச் சரியில்லை. பிரேசிலிலிருந்து லண்டன் போன விதைகளில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் வைக்கப்பட்டன. ஒரு வகையில் அதுவும் இடம்பெயர்ந்து வந்து வேரூன்றியதுதான்.

புது ரயரோடும் எங்கள் தலையிடி தீரவில்லை. லூர்துக்குப் போவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போய்ப் பின் சில்லுகளை மட்டும் நிறுத்தோம். 2140 கிலோ! அனுமதிக்கு மேல் 140. இதற்கு எந்த ரயரும் மருந்தல்ல. காட் கிறீசில் எஃப் 2 கட்டத்தில் இருக்கும் மொத்தப் பாரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறோம். சுமை முழுவதும் பின்னால் குவிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இறக்கத் தொடங்கினோம். இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டு, பெரிய கிடாரம், மடக்குக் கதிரைகள், ஆட்டுக்கல் ஒன்று. (ஆட்டுக்கல்லை ஏற்றியது யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.) தண்ணீர்த் தாங்கியை நிரப்பாமல் கால்வாசியோடு போவதென்று தீர்மானித்தோம். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. மறுபடி நிறுத்தபோது 1960.

2024 ஓகஸ்டில் மீண்டும் புறப்பட்டோம். சில்லு கழற்றிப் பூட்டினால் ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார். சென் ஆர்னு சுங்கவாயிலைத் தாண்டி ஓரிடத்தில் நிறுத்தி, பிள்ளைகள் இடியப்பப் பார்சலைப் பிரிக்க, நாங்கள் சாவியோடு குனிந்தோம். இடது பின் சில்லில் இரண்டு நட்டுகள் கால் சுற்று இறங்கின.