உங்களுக்குத் தெரியுமா? மோட்டார் சைக்கிளில் கடுகண்ணாவ

● இலங்கையின் அதிவேக வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆனால், இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து கடுகண்ணாவ நூதனசாலைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த வீதிகள் தேவையும் இல்லை. அவிசாவளை, கரவனல்ல, புளத்கொஹுபிட்டிய வழியே தேயிலை, இறப்பர்த் தோட்டங்களினூடாகக் கேகாலை வரை போகலாம்.

● அங்கிருந்து கொழும்பு–கண்டி வீதி. மாவனெல்லையைத் தாண்டினால் கடுகண்ணாவ ஏற்றம். வீதியோரத்தில் பாறையைக் குடைந்த பழைய வழி.

● கொழும்பு–கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவருடைய நினைவுக் கோபுரம் 1832இல் எழுந்தது.

● பழைய நீராவி வீதி உருளைகளைக் கடுகண்ணாவ வீதி நூதனசாலையில் காணலாம். அங்குள்ள தேசிய ரயில் நூதனசாலை 2014இல் திறக்கப்பட்டது.

● பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். திரும்பும்போது இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.