உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களைக் கையாளும் முறையும் வளாகப் பாதுகாப்பு விதிகளும்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்கள் கையாளப்படும் முறையை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. புகார்க் குழுவின் அமைப்பு, விசாரணையின் படிநிலைகள், காலவரம்பு, வளாகப் பாதுகாப்பு விதிகள் ஆகியவை ஆராயப்படுகின்றன. நெறியாளரைச் சார்ந்து இயங்கும் முனைவர் பட்ட ஆய்வாளருக்கு இந்நடைமுறை எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்பது கட்டுரையின் மையக் கேள்வியாகும்.

திறவுச் சொற்கள்: உள்ளகப் புகார்க் குழு, விசாகா தீர்ப்பு, காலவரம்பு, இடைக்கால நிவாரணம், இயற்கை நீதி, வளாகப் பாதுகாப்பு.

முன்னுரை

ஒரு கல்வி வளாகத்தில் பெண்களுக்கு இரு வகையான ஆபத்துகள் நேரக்கூடும். ஒன்று, வெளியிலிருந்து நுழைபவரால் வருவது. மற்றொன்று, வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் துறை அலுவலகத்திலும் அன்றாடம் பழகுபவரால் வருவது. முதலாவதைத் தடுக்க மதிலும் காவலும் உதவும். இரண்டாவதை எதிர்கொள்ள, அச்சமின்றி அணுகத்தக்க ஒரு விசாரணை அமைப்பு வேண்டும். நிறுவனங்கள் முதல் வகைக்கான ஏற்பாடுகளை எளிதில் செய்துவிடுகின்றன. ஆனால், ஒழுங்குமுறைகளின் பெரும்பகுதி இரண்டாம் வகையைப் பற்றியே பேசுகிறது.

சட்டப் பின்னணி

1992இல் இராசசுத்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற கிராமப் பணியாளர் ஒருவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அதனைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில், 1997 ஆகத்து 13 அன்று உச்சநீதிமன்றம் விசாகா தீர்ப்பை வழங்கியது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் அரசமைப்பு வழங்கும் சமத்துவ உரிமையையும் வாழ்வுரிமையையும் மீறுவதாகும் என்று கூறிய அத்தீர்ப்பு, ஒவ்வொரு பணியிடத்திலும் புகார்க் குழு அமைக்கப்பட வேண்டும் என்று நெறிப்படுத்தியது. தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகம் 1999இல் தனக்கென ஓர் அமைப்பை உருவாக்கியது. 2017இல் அதன் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட்டது.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 திசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. இதனை உயர்கல்விக்கு ஏற்ப விரித்துரைப்பவை மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். இவை 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. வளாகம் என்பதற்கு இவை தரும் பொருள் விரிவானது. விடுதி, நிறுவனப் பேருந்து ஆகியவற்றுடன் களப்பணி, கல்விச் சுற்றுலா, பயிற்சி முகாம் நிகழும் இடங்களும் அதில் அடங்கும். எனவே, தொலைதூரச் சிற்றூரில் தரவு திரட்டும் ஆய்வாளரும் இவ்விதிகளின் பாதுகாப்புக்கு உட்பட்டவரே.

உள்ளகப் புகார்க் குழுவின் அமைப்பு

குழுவின் தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருத்தல் வேண்டும். பல்கலைக்கழகமாயின் பேராசிரியர் நிலைக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், வெளி உறுப்பினர் ஒருவர் இடம்பெறுவர். புகார் மாணவர் தொடர்பானதாயின் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலை ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவரும் சேர்க்கப்பட வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும்.

துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத்தலைவர் போன்ற நிருவாகப் பொறுப்பில் இருப்போர் உறுப்பினராதல் கூடாது என்பது முக்கியமான விதியாகும். பதவி உயர்வு, நிதி, ஆய்வேட்டு அனுமதி ஆகியவற்றை முடிவு செய்யும் கைகளிலேயே விசாரணையும் இருக்குமானால், புகாரளிப்பவர் வாய் திறக்கத் தயங்குவார் என்பதே இதன் அடிப்படை.

விசாரணையின் படிநிலைகள்

எழுத்து வடிவப் புகார் கிடைத்த 7 நாட்களுக்குள் அதன் படி எதிர்த்தரப்பினருக்கு அனுப்பப்பட வேண்டும். அவர் 10 நாட்களுக்குள் மறுமொழி தர வேண்டும். விசாரணை 90 நாட்களுக்குள் நிறைவுற வேண்டும். அடுத்த 10 நாட்களுக்குள் அறிக்கை நிருவாகத்திடம் அளிக்கப்பட வேண்டும். மேல்முறையீடு இல்லையாயின் 30 நாட்களுக்குள் நிருவாகம் நடவடிக்கை எடுத்தல் வேண்டும். புகாரளித்தவர் விரும்பினால் சமரசம் செய்யலாம்; ஆயின் பணம் அதன் அடிப்படையாக இருத்தல் கூடாது. புகாரை மெய்ப்பிக்க இயலாமை மட்டுமே அதைப் பொய்ப்புகாராக ஆக்கிவிடாது.

விசாரணை நடைபெறும் காலத்தில் இடைக்கால நிவாரணம் பரிந்துரைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. புகாரளித்தவரின் பணியையோ தேர்வையோ எதிர்த்தரப்பினர் மதிப்பிடாமல் தடுப்பது அவற்றுள் ஒன்று. கல்வி நிறுவனத்தின் அதிகார உறவை நன்கறிந்து எழுதப்பட்ட விதி இதுவாகும்.

காலவரம்பும் ஆய்வு மாணவரும்

நிகழ்வு நடந்த, அல்லது தொடர் நிகழ்வுகளில் இறுதி நிகழ்வு நடந்த 3 மாதங்களுக்குள் புகார் அளிக்கப்பட வேண்டும். தக்க காரணங்களைப் பதிவு செய்து, குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். இவ்வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்பதை உச்சநீதிமன்றத்தின் 2025 செப்தம்பர் தீர்ப்பு ஒன்று காட்டுகிறது. கொல்கத்தாவிலுள்ள சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஒருவர், 2023 ஏப்ரலில் நடந்ததாகக் கூறிய நிகழ்வு குறித்துத் துணைவேந்தர் மீது அவ்வாண்டு திசம்பரில் புகார் அளித்தார். நீட்டிக்கப்பட்ட காலமும் கடந்துவிட்டதால் அப்புகார் ஏற்கத்தக்கதன்று என்பதை நீதிமன்றம் உறுதி செய்தது.

இதனை முனைவர் பட்ட ஆய்வின் கால அளவோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி அவ்வாய்வு 3 முதல் 6 ஆண்டுகள் வரை நீளும். ஆய்வு ஆலோசனைக் குழுவை ஒருங்கிணைப்பவரும் நெறியாளரே. அவரது கையொப்பமின்றி ஆய்வு நகராது. இந்நிலையில் பலர் பட்டம் பெற்ற பிறகே பேசத் துணிவது இயல்பு. அப்போது காலவரம்பு கடந்திருக்கும். மதிப்பீட்டிலிருந்து எதிர்த்தரப்பினரை விலக்கும் விதியும், மாற்று நெறியாளர் உடனடியாகக் கிடைத்தாலன்றி ஆய்வாளருக்குப் பயன் தராது. மாற்று நெறியாளர், உதவித்தொகையின் தொடர்ச்சி, இழந்த காலத்திற்கு ஈடான நீட்டிப்பு ஆகியவற்றைப் பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வு விதிகளிலேயே எழுதி வைத்தல் இக்குறையைப் பெரிதும் குறைக்கும்.

விசாரணையில் இயற்கை நீதி

விரைவு தேவையானது, அவசரம் தீங்கானது. கோவாப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மீது 2009இல் மாணவியர் அளித்த புகார்களின் அடிப்படையில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். தம் தரப்பை எடுத்துரைக்க அவருக்குப் போதிய வாய்ப்பு அளிக்கப்படவில்லை எனக் கூறி, 2023 மே 12 அன்று உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, விசாரணையைப் புகார்க் குழுவிடமே திருப்பி அனுப்பியது. 14 ஆண்டுகளுக்குப் பின் வழக்கு தொடக்க நிலைக்கே திரும்பியது. முறையற்ற விசாரணையால் எதிர்த்தரப்பினர் மட்டுமின்றிப் புகாரளித்தவரும் இழப்புக்கு உள்ளாகிறார் என்பதை இது புலப்படுத்துகிறது. குழு உறுப்பினர்களுக்கு நடைமுறைப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான்.

வளாகப் பாதுகாப்பு விதிகள்

2024 திசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வெளியாள் ஒருவர் மாணவியைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். 2025இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வெளிச்சம், காவல், நுழைவுக் கட்டுப்பாடு ஆகியவற்றின் தேவையை இந்நிகழ்வு உணர்த்தியது. அதேவேளையில், முதல் தகவல் அறிக்கை கசிந்து மாணவியின் விவரங்கள் வெளியானதற்காக 25 இலட்சம் உரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மறைகாத்தலும் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பது இதனால் தெளிவாகிறது.

எனினும், இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் முதலில் குறுக்கப்படுவது பெரும்பாலும் மாணவியரின் நேரமே. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் புகுத்தக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. கண்காணிப்பு மிகுந்து நடமாட்டச் சுதந்திரம் குறைவதையும் அவை ஏற்கவில்லை. நூலகமும் ஆய்வகமும் இரவில் திறந்திருக்க, மாணவிக்கு மட்டும் விடுதிக் கதவு முன்னதாக மூடப்படுமானால், அவர் இழப்பது கல்வி நேரமாகும்.

முடிவுரை

உயர்கல்வி நிறுவனங்களுக்கான விதிகள் தெளிவாகவே வகுக்கப்பட்டுள்ளன. அறிவிப்புப் பலகையில் குழுவின் பெயர்ப்பட்டியல் இருப்பதால் மட்டும் அவை நிறைவேறியதாகக் கொள்ள இயலாது. மாணவர் உறுப்பினர் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளனரா, நிருவாகிகள் குழுவிலிருந்து விலகி நிற்கின்றனரா, புகாரளித்த ஆய்வாளர் தம் ஆய்வைத் தடையின்றித் தொடர்கிறாரா என்ற மூன்று வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகளே ஒரு நிறுவனத்தின் உண்மை நிலையைக் காட்டும். மூன்றாம் வினாவுக்கு உறுதியான விடை தரும் வகையில் ஆய்வு விதிகளைத் திருத்துவது, காலவரம்பு குறித்த சட்டத் திருத்தத்திற்குக் காத்திராமல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே செய்யக்கூடிய பணியாகும்.