இளந் தம்பதியரும் முதல் நாய்க்குட்டியும்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் குணம் மாறாது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. அதே நாயை நன்றிக்கு உவமையாகக் கூறுவோரும் நம்மவரே. சொர்க்கத்தின் வாயிலில் நின்ற தருமர், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டு உள்ளே செல்ல மறுத்தார் எனப் பாரதக் கதை கூறும். ஒரே பிராணிக்கு இத்துணை இழிவும் இத்துணை உயர்வும் எவ்வாறு வந்தன? நாயின் குணம் பிறப்போடு முற்றுப்பெறுவதன்று; அதன் பெரும்பகுதி வளர்ப்பவர் கையில் உருவாவது என்பதே விடை. வளர்ப்பவர் இருவராயின், அவ்விருவரும் ஒருமனப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

ஓர் இளந் தம்பதியரின் இல்லத்தை உதாரணமாகக் கொள்ளலாம். கணவர் கந்தோரில் எழுதுவினைஞர். மனைவி பாடசாலை ஆசிரியை. இரவில் வீட்டுக்குக் காவல் வேண்டுமென எண்ணிய கணவர், அல்சேஷன் குட்டியொன்றை விலைகொடுத்து வாங்க விரும்புகிறார். மனைவிக்கோ தமக்கை வீட்டு நாய் ஈன்ற ஊர்க்குட்டியின் மேல் ஆசை. ஆயினும், இருவரும் முதலிற் பேசித் தீர்க்கவேண்டியது எந்தக் குட்டி என்பதன்று. நாய் பத்து, பதின்மூன்று ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இன்று இருவராயுள்ள குடும்பம் அக்காலத்துள் நால்வராகலாம். இடமாற்றம் கிடைத்து வேற்றூர் செல்ல நேரலாம். புதிய வீட்டுக்காரர் நாய் கூடாதென மறுக்கலாம். காலையில் இருவரும் வேலைக்குச் சென்றபின் குட்டிக்கு நண்பகல் உணவு கொடுப்பவர் யார்? நோய் கண்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே இனத்தைப் பற்றிய பேச்சு எழவேண்டும்.

அல்சேஷன் என நம் நாட்டில் வழங்கும் நாய், உண்மையில் ஜெர்மன் நாட்டு ஆட்டிடையரின் நாயாகும். 1899 இல் மக்ஸ் வொன் ஸ்ரெபானிட்ஸ் என்பார் அதனைத் தனியினமாக வளர்க்கத் தொடங்கினார். முதலாம் உலகப் போருக்குப் பின்னர், ஜெர்மனி என்ற பெயரே வெறுக்கப்பட்ட காலத்தில், ஆங்கிலேயர் அதற்கு அல்சேஷன் என்ற புதுப்பெயரைச் சூட்டினர். அறிவும் துணிவும் மிக்க இனமே. எனினும், நாள்தோறும் நெடுந்தூரம் நடக்கவும் ஏதேனுமொரு வேலையில் ஈடுபடவும் வேண்டிய பிராணி அது. அடர்ந்த மயிர் எமது வெப்பத்துக்கு ஒவ்வாது. இடுப்பு மூட்டுக் கோளாறும் அவ்வினத்தில் மிகுதி. பகல் முழுவதும் சிறு வளவிற் சங்கிலியில் கட்டுண்டு கிடந்தால் அது காவல் நாயாவதில்லை; காண்போர் யாவரையும் கடிக்கப் பாயும் நாயாகவே மாறும். ஊர் நாயோ இவ்வெப்பத்துக்குப் பழகியது. எளிய உணவில் வளர்வது. அந்நியர் படலையைத் தொட்டவுடன் குரைத்து அறிவிப்பது. சாதாரண வீட்டுக் காவலுக்கு அதுவே போதும்.

அடுத்து எழுவது கடுவனா, பெட்டையா என்ற கேள்வி. பெட்டைக் குட்டியை ஏற்பார் அரியர். ஈன்று பெருகுமென்ற அச்சத்தால், கண் விழித்துச் சில நாட்களே ஆன பெட்டைக் குட்டிகளைச் சந்தையோரத்திலும் கோயில் வீதியிலும் விட்டுச் செல்லும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. அவற்றுட் பல இறக்கின்றன. எஞ்சியவை கட்டாக்காலிகளாகிப் பெருகுகின்றன. கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் முறையை இலங்கை அரசாங்கம் 2006 இல் நிறுத்தியது. அதன்பின், கருத்தடைச் சத்திரசிகிச்சையும் தடுப்பூசியுமே வழியாயின. அச்சிகிச்சை செய்யப்பட்ட பெட்டை நாய் ஈனுவதில்லை. காவலிலும் அன்பிலும் கடுவனுக்குச் சற்றும் குறைவதில்லை. எனவே, நம் தம்பதியர் தமக்கை வீட்டுப் பெட்டைக் குட்டியையே தேர்ந்தனராயின், நல்லதொரு முடிவு செய்தவராவர்.

ஆசை மிகுதியால் நான்கு வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தெடுத்தல் தகாது. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்தில் ஸ்கொட், புல்லர் என்னும் அறிஞர் இருவர் பல்லாண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965 இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி பிறரோடு பழகக் கற்கும் பருவம் என அவர்கள் கண்டனர். அப்பருவத்தின் முற்பகுதியில், கடித்தால் நோகும் என்பதைத் தாயும் உடன்பிறந்த குட்டிகளும் கற்பிக்கின்றன. பிற்பகுதியில் மனிதரையும் குழந்தைகளையும் தெருவின் ஓசைகளையும் அறிந்து பழகவேண்டும். ஆதலின், எட்டு வாரமளவில் குட்டியைக் கொண்டுவருதல் சாலச் சிறந்தது. தெளிந்த கண்ணும், ஊதிப் பெருக்காத வயிறும், அழைத்தால் அணுகிவரும் இயல்பும் நல்ல குட்டியின் அடையாளங்கள்.

புதுவீட்டில் முதலிரவு குட்டி அழும். தாயின் சூடு இழந்த குழந்தையின் அழுகையே அது. விறாந்தையில் தனியே அடைத்து அதட்டுவதை விட, படுக்கையறை வாயிலில் பழைய சாக்கொன்றை விரித்துக் கிடத்தினால் சில நாட்களில் அமைதியடையும். உணவைச் சிறிது சிறிதாக நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை கொடுத்தல் வேண்டும். மீந்த கறிச்சோற்றை அப்படியே வார்ப்பது பலர் வழக்கம். கறியிலுள்ள வெண்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கவல்லது. சமைத்த கோழியெலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். முள் நீக்கிய மீனும் உப்புக் குறைந்த சோறும் வேறாக எடுத்துவைத்தல் பெருந்தொல்லையன்று.

பயிற்சியிலேதான் தம்பதியரின் ஒற்றுமை சோதிக்கப்படும். உண்ணும் வேளையில் கணவர் இலையிலிருந்து ஒரு துண்டு எறிகிறார். மறுநாள் அதே இடத்தில் வந்து நின்ற குட்டியை மனைவி விரட்டுகிறார். ஒருவர் “இரு” என்கிறார். மற்றவர் அதே செயலுக்கு வேறொரு சொல் வழங்குகிறார். இவ்விருவரிடையே குட்டி கற்பது கீழ்ப்படிவன்று, குழப்பமே. ஒரு செயலுக்கு ஒரே சொல், ஒரு குற்றத்துக்கு ஒரே மறுமொழி என்று இருவரும் உடன்படல் வேண்டும். உண்டவுடனும் துயிலெழுந்தவுடனும் வெளியே கொண்டுசென்று, உரிய இடத்தில் சிறுநீர் கழித்த அக்கணமே பாராட்டினால் அது விரைவிற் பழகும். முன்னர் செய்த தவறுக்குப் பின்னர் அடித்தல் பயனற்றது; எதற்காக அடிபட்டோம் என்பதை அது அறியாது.

பயிற்சியினும் முதன்மையானது நோய்க் காப்பு. பூச்சி மருந்தும், டிஸ்டெம்பர், பாவோ முதலிய கொடிய நோய்களுக்கான ஊசிகளும் மிருக வைத்தியர் கூறும் வயதில் தவறாது அளிக்கப்படல் வேண்டும். இவற்றினும் அஞ்சத்தக்கது விசர்நாய்க்கடி நோய். அறிகுறி தோன்றியபின் அதனின்று மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது. இலங்கையில் 1973 இல் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர். நாய்களுக்கு ஊசியேற்றும் முயற்சியினாலேயே பிற்காலத்தில் அத்தொகை பெரிதும் குறைந்தது. ஆண்டுதோறும் வளர்ப்பு நாய்க்கு அவ்வூசியை ஏற்றுவது அயலவருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் செய்யும் கடமையாகும். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

ஜெர்மனியில் பொன் நகருக்கு அண்மையிலுள்ள ஒபர்காசல் என்னுமிடத்தில், 1914 இல், கல்லுடைக்கும் தொழிலாளர் பழைய புதைகுழியொன்றைக் கண்டனர். ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி ஆகியோரின் எலும்புகள் கிடந்தன. குட்டியின் பற்களை ஆராய்ந்த அறிஞர், அது ஏழு மாதம் நிரம்பு முன்னரே இறந்ததென்றும், அதற்கு முன் பல வாரம் டிஸ்டெம்பர் நோயால் வாடியிருக்க வேண்டுமென்றும், மனிதர் பேணியிராவிடின் அத்தனை வாரம் உயிர் தரித்திராது என்றும் 2018 இல் எழுதினர். நோயுற்ற குட்டி வேட்டைக்கும் உதவாது, காவலுக்கும் உதவாது. எனினும், எவரோ அதன் வாயில் நீர் வார்த்திருக்கிறார்; அருகிருந்து சூடு தந்திருக்கிறார்.

அன்று ஊசி இல்லை, மருந்தில்லை, மிருக வைத்தியரும் இல்லர். இன்று இவை யாவும் உள. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் தம்பதியர் தம்மோடு கொண்டுவர வேண்டியது அந்தப் பழைய பொறுப்பு ஒன்றையே.