பயணத்துக்கா, பந்தயத்துக்கா? பாய்மரப் படகை எதை வைத்துத் தேர்வு செய்கிறார்கள்?

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கேரளத்தைச் சேர்ந்த தில்னாவுடன் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று கோவா திரும்பினார். எட்டு மாதப் பயணம். படகின் பெயர் ‘தாரிணி’, நீளம் 56 அடி. இருவருக்கும் பயிற்சி அளித்தவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. அவரும் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அதே பெருங்கடல்களைத் தனியாளாகச் சுற்றி வந்தார். ஆனால், அவர் போனது வெறும் 36 அடிப் படகில்!

கடல் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். அப்போ, படகு மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

நீளம் ஏன் முக்கியம்?

கனமான பாய்மரப் படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். அதன் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பது, தண்ணீரைத் தொடும் பகுதியின் நீளம். அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் ஏறக்குறைய கிடைத்துவிடும். 25 அடி என்றால் 6.7 நாட், 49 அடி என்றால் 9.4 நாட். நீளப் படகில் உணவு, தண்ணீர், உதிரிப் பாகம் வைக்கவும் இடம் அதிகம்.

அப்படியானால் பெரிய படகே நல்லதா? அங்கேதான் சிக்கல். படகு பெரிதானால் பாயும் பெரிதாகும். நள்ளிரவில் புயல் அடிக்கும்போது அந்தப் பாயை இறக்கிச் சுருட்ட ஆள் வேண்டும். தாரிணியில் 2017-18-ல் உலகைச் சுற்றியது ஆறு பெண்கள் குழு. ரூபாவும் தில்னாவும் அதே படகை இரண்டே பேராகச் சமாளித்தார்கள். வழியில் ஃப்ரீமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என நான்கு துறைமுகங்களில் நின்று, பழுது பார்த்துக்கொண்டு போனார்கள். பயணப் படகின் வசதி அதுதான்: முதலில் வந்து சேர வேண்டும் என்ற அவசரம் இல்லை.

பந்தயத்தில் கதை வேறு

அபிலாஷ் கலந்துகொண்டது ‘கோல்டன் குளோப்’ பந்தயம். தனியாள், எங்கும் நிற்கக் கூடாது, ஜிபிஎஸ் கிடையாது. படகு 32 முதல் 36 அடிக்குள் இருக்க வேண்டும், வடிவமைப்பு 1988-க்கு முந்தையதாக இருக்க வேண்டும். அடியில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடும் கீல், அதோடு இணைந்த சுக்கான் ஆகியவையும் கட்டாயம். இத்தகைய படகு சட்டென்று திரும்பாது. ஆனால், அலையில் நேராகப் போகும், ரொம்பக் கெட்டி.

2018 பந்தயத்துக்கு அவர் எடுத்துச் சென்றது கோவாவில் கட்டிய ‘துரியா’. 1968-69-ல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் முதன்முதலாகத் தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய ‘சுஹைலி’யின் நகல் அது. சுஹைலி பம்பாயில் கட்டப்பட்டது. 32 அடி, இரண்டு பாய்மரங்கள், 1920-களின் வடிவம். உறுதியானது, ஆனால் மெதுவானது.

2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் வந்த புயலில் துரியா கவிழ்ந்து நிமிர்ந்தது. பாய்மரங்கள் முறிந்தன. முதுகுத்தண்டில் அடிபட்டு நகர முடியாமல் கிடந்த அபிலாஷை, மூன்று நாட்கள் கழித்து பிரெஞ்சுக் கப்பல் ‘ஒசிரிஸ்’ மீட்டது.

படகுதான் காரணமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அதே புயலில் அயர்லாந்து வீரர் ஒருவரின் 36 அடிப் படகும் பாய்மரம் இழந்தது. ஆனாலும் அந்த ஆண்டு முதல் மூன்று இடங்களையும் பிடித்தவை ‘ரஸ்ட்லர் 36’ என்ற ஒரே ரகப் படகுகள். வெற்றி பெற்ற வான் டென் ஹீட், பாய்மரத்தின் உயரத்தை முன்கூட்டியே குறைத்திருந்தார். கொஞ்சம் வேகம் போனாலும் பரவாயில்லை, மரம் நிற்க வேண்டும் என்பது கணக்கு. வழியில் அலை அவரது படகையும் சாய்த்தது. மரத்தின் பிடிமானம் சேதமானது, ஆனால் மரம் நின்றது.

இரண்டு 36 அடிப் படகுகள்

அடுத்த பந்தயம் 2022-ல். முதுகில் டைட்டானியம் தண்டுகளோடு திரும்பி வந்த அபிலாஷ், இந்த முறை ரஸ்ட்லர் 36-ஐத் தேர்ந்தெடுத்தார். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நோய்ஷாஃபர் எடுத்தது ‘கேப் ஜார்ஜ் 36’. பெயரில் இரண்டும் 36 அடி. ஆனால் தண்ணீரைத் தொடும் நீளம் ரஸ்ட்லருக்கு 27 அடி, கேப் ஜார்ஜுக்கு 31 அடிக்கு மேல். மேலே சொன்ன கணக்குப்படி அரை நாட் வித்தியாசம். பாய்ப் பரப்பும் அதிகம். பதிலுக்கு எடை கூடுதல், கையாளும் உழைப்பும் கூடுதல்.

கிர்ஸ்டன் 2023 ஏப்ரல் 27-ல் கரை சேர்ந்து வென்றார். வழியில் மூழ்கிய படகிலிருந்து சக வீரரையும் அவர் மீட்டிருந்தார். அபிலாஷ் ஏப்ரல் 29-ல் இரண்டாவதாக வந்தார். புறப்பட்ட 16 பேரில் எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் 3 பேர்தான். நீண்ட நேரம் முன்னணியில் இருந்த சைமன் கர்வென், தானாகச் சுக்கான் பிடிக்கும் காற்றுக் கருவி உடைந்ததால் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அதே கருவி பழுதானபோது அபிலாஷ் கழிவறைக் கதவை அறுத்துச் சரிசெய்தார்.

சரி, எதைத் தேர்வு செய்வது?

இரண்டு படகுகளை ஒப்பிடும்போது விலைக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

• எத்தனை பேர் போகிறீர்கள்? ஒரே ஆள் தூங்கும்போது யார் சுக்கான் பிடிப்பது?
• வழியில் துறைமுகங்களில் நிற்பீர்களா? நிற்காவிட்டால் எத்தனை நாள் தண்ணீரும் உணவும் ஏற்ற முடியும்?
• உடைந்தால் கடலிலேயே உங்கள் கையால் சரிசெய்ய முடியுமா?
• ஒதுங்கும் இடத்தில் ஆழம் எவ்வளவு?

கடைசிக் கேள்வி புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. தேங்காய்த்திட்டு துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, விசைப்படகுகள் போய்வரத் திண்டாடுவதை மீனவர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். ரஸ்ட்லர் மாதிரி ஒரு படகுக்கு அடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். கீலே இல்லாத கட்டுமரத்துக்கு அந்தக் கவலை கிடையாது. அலையில் ஏறி நேராகக் கரை மணலிலேயே வந்து நிற்கும். இந்தக் கரைக்கு அது பொருந்தும், கேப் ஹார்னுக்குப் பொருந்தாது.