ஊன் கொத்தும் பொறியும் குடலிற் பொதியும் கருவியும்

கரிகாற் பெருவளத்தானைப் பாடிய முடத்தாமக்கண்ணியார், இரவும் பகலும் ஊனுண்டமையாற் பல் மழுங்கிய பொருநன் ஒருவனைப் பொருநராற்றுப்படையில் நமக்குக் காட்டுகின்றார். உழுது தேய்ந்த கொழுவை அப்பல்லுக்கு அவர் உவமை கூறினார். அங்ஙனம் உண்டு பல் தேய்ந்தவர் சிலரே. முதுமையாற் பல்லிழந்து ஊனுண்ண மாட்டாதவரோ ஊர்தோறும் உளர். சேவூரில் எம் பாட்டியாரும் அவருள் ஒருவர். ஞாயிறுதோறும் பிறர் இலையிற் கறியும் அவர் இலையிற் குழம்பு மட்டுமாக இருந்தமையே இப்பொருளை யாம் ஆராயப் புகுந்ததற்குக் காரணம்.

கொத்துக்கறியும் கோலா உருண்டையும் நம்மவர்க்குப் புதியன அல்ல. கறிக்கடைப் புளியமரக் கட்டையில் வெட்டுக்கத்தியாற் கொத்துவதும், வீட்டில் வேகவைத்து அம்மியில் அரைப்பதும் பழைய முறைகள். கத்தியாற் கொத்திய கறிக்குச் சுவை மிகுதி. ஆயினும் கைவருத்தமும் மிகுதி. காலையிற் பனியன் தொழிற்சாலைக்குச் சென்று மாலையில் மீளும் மகளிர்க்கு அதற்குப் பொழுதேது? அம்மியிலோ கொழுப்புப் படிந்து, மறுநாள் அரைக்கும் துவையலுக்கும் அந்நாற்றம் ஏறும். மிக்சியின் அலகு அதிவேகமாய்ச் சுழலுதலின் கறி சூடேறிக் கொழுப்பு இளகும். நெடுநேரம் ஓட்டினால் கொத்துக்கறி பசையாகிவிடும். ஆதலின் இதற்கெனவே அமைந்த பொறி வேண்டற்பாலதாயிற்று.

இப்பொறியை ஆக்கியவர் செர்மனி நாட்டுக் கார்ல் டிரைஸ் என்பர். 1817ஆம் ஆண்டில், காலால் நிலத்தை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டியவரும் அவரே. பொறியின் அமைப்பு எளிது. மேலே கறியிடும் வாய், உள்ளே திருகுபோல் முறுக்கிய தண்டு, அதன் முனையில் நான்கு அலகுடைய கத்தி, கத்தியை ஒட்டித் துளைத்தட்டு, இவற்றை இறுக்கும் வளையம், பின்னே கைப்பிடி. கைப்பிடியைச் சுழற்றத் திருகு கறியை முன்தள்ளும். துளையிற் புகுந்த கறியைக் கத்தி அரியும். கத்தியின் தட்டைப் பக்கம் துளைத்தட்டை நோக்கி இருத்தல் வேண்டும். மாறிப் பூட்டினால் கறி அரியப்படாது நசுங்கும்; பலர் பொறியைக் குறைகூறுவது இப்பிழையினாலேயே.

இனி, தெரிவு செய்யுமிடத்து நோக்க வேண்டுவன நான்கு.

முதலாவது அளவு. பொறிகளுக்கு 5, 8, 12, 22, 32 என எண்கள் உண்டு. எண் பெருகத் துளைத்தட்டின் அகலமும் பெருகும். எட்டாம் எண்ணின் தட்டு ஏறத்தாழ 62 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் எண்ணினது 70. நாலைந்து பேர் உண்ணும் இல்லத்திற்கு எட்டாம் எண் சாலும். இருபத்திரண்டும் அதற்கு மேற்பட்டனவும் பெருவிருந்துக்கும் கடைக்கும் உரியன.

இரண்டாவது உலோகம். ஈயம் பூசிய வார்ப்பிரும்பு விலை குறைந்தது, உறுதியானது. ஆனால் பூச்சுத் தேய்ந்தவழித் துருப்பிடிக்கும். கழுவியவுடன் துடைத்து உலர்த்தி, மெல்லென எண்ணெய் தடவி வைப்பவர்க்கே அது ஏற்றது. அலுமினியம் இலேசானது, உப்பும் புளிப்பும் பட்டாற் கறுக்கும். துருப்பிடியா எஃகே சிறந்தது. விலை ஒன்றே அதன் குறை.

மூன்றாவது நிலைப்பு. கைப்பொறியின் அடியில் மேசை விளிம்பைக் கவ்வும் திருகு உண்டு. அது மரமேசைக்கென அமைந்தது. நம் அடுக்களைகளிலோ கடப்பைக்கல் மேடையே மிகுதி. யாம் முதலில் வாங்கியபோது இதனை எண்ணாமையால், கவ்வு மேடையிற் பொருந்தாது பொறி ஒரு திங்கள் மூலையிற் கிடந்தது. பின்னர்க் கனத்த பலகை ஒன்றில் அதனைப் பூட்டினோம். வாங்குமுன் விளிம்பை அளந்து செல்க.

நான்காவது கையா, மின்சாரமா என்பது. வாரம் ஒரு கிலோ கொத்துவார்க்குக் கைப்பொறி போதும். மின்பொறி விரைவுடையது, அவ்விரைவே தீங்குமாம். கறியைத் தள்ளுதற்குரிய கட்டையையன்றி விரலை இடுதல் எக்காலத்தும் ஆகாது. சிறுவருள்ள இல்லத்தார் இதனை மறவாதிருப்பாராக.

எப்பொறியாயினும், எலும்பும் நரம்பும் சவ்வும் நீக்கி, கறியை விரற்கடை அளவாய் நறுக்கிக் குளிரச் செய்தே இடுக. குளிர்ந்த கறி செவ்வனே அரியப்படும். வெதும்பிய கொழுப்போ துளைகளை அடைக்கும்.

கொத்திய கறியைக் குடலிற் பொதிந்தது சாசேஜ் எனப்படும். ஆட்டுக்குடலைக் கழுவிச் சுரண்டித் தூய்மை செய்தல் கொங்குநாட்டு மகளிர் நன்கறிந்த தொழிலே. பொதிதற்குக் கருவி மூன்று: புனல், பொறியின் கத்தியை நீக்கிப் பூட்டும் குழல், உருளையுள் தட்டுத் தள்ளும் தனிக்கருவி. ஓரிரு கிலோவுக்குக் குழல் போதும். எனினும் அதிற் கறி மறுமுறையும் திருகினூடே சென்று மசியும். அடிக்கடி செய்வார்க்கு உருளைக்கருவியே தக்கது. குழல் குடலினும் குறுகியதாயிருத்தல் வேண்டும். இறுகத் திணித்தாற் குடல் கிழியும். உள்ளே காற்றுத் தங்கினால் ஊசியாற் குத்தி நீக்குக.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. முழுக்கறியில் மேற்பரப்பிலுள்ள கிருமிகள் கொத்தும்போது உள்ளெங்கும் பரவும். ஆதலின் கொத்திய ஆட்டுக்கறியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசு வெப்பம் எய்துமாறு வேகவைத்தல் கடன். சாசேஜைக் கட்டித் தொங்கவிட்டு நாட்கணக்கில் வைத்திருக்கும் முறையை அறியாதார் மேற்கொள்ளலாகாது. கவிஞரும் மருத்துவருமான யூஸ்டினுஸ் கெர்னர் என்பார் கெட்ட சாசேஜால் மக்கள் மடிந்ததை ஆராய்ந்து 1820, 1822ஆம் ஆண்டுகளில் நூல்கள் வெளியிட்டார். அந்நஞ்சுநோய்க்கு வழங்கும் பொட்டுலிசம் என்னும் பெயரும் சாசேஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்ததே. அன்று செய்ததை அன்றே வேகவைத்து உண்பதே நம் வெப்பநாட்டுக்கு ஏற்ற நெறி.

பொறியின் விலையினும் அதனைக் கழுவும் பொறுமையே பெரிது. உறுப்புத்தோறும் பிரித்து, வெந்நீரிற் கழுவி, உலர்த்தி வைக்க இயலாதார் அதனை வாங்காதிருத்தல் நலம். கறிக்கடைக்காரரிடம் கண்முன்னே கொத்தித் தரக் கேட்பதே அவர்க்குத் தகும். எம் இல்லத்தில் இப்பொழுது அப்பணி என்னுடையது. விடுமுறை ஞாயிறுகளில் பாட்டியார் தம் இலையிலுள்ள கோலா உருண்டையை விரலாற் பிட்டு, “உப்புச் சிறிது குறைவு” என்பார். குறைகூறும் அளவுக்கேனும் அவர் மீண்டும் ஊனுண்கின்றார் என்பதே எமக்கு மகிழ்ச்சி.